சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு ஓர் அணுக் கடிகாரத்தை எடுத்துச் செல்ல முடியுமா?

சென்னையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மலைமேல் காலம் சற்று வேகமாக ஓடும் என்கிறார்களே, ஓர் அணுக் கடிகாரத்தைக் காரில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் அதை நாமே அளந்து பார்க்க முடியுமா? முடியுமென்றால் எந்த வகைக் கடிகாரம் வேண்டும்? உலகின் மிகச் சிறந்த கடிகாரங்கள் ஏன் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதில்லை? கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது இவற்றைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய தேவைதான் என்ன?

முடியும் என்பதே முதல் பதில். நேரம், அதிர்வெண் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாகக் கிண்டியில் இருப்பவன் என்ற முறையில், எப்படி முடியும் என்பதையும் எங்கே சிக்கும் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளக்கப்போவது எவ்வளவு சிறியது என்பதைப் பார்ப்போம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலின்படி, பூமியின் மேற்பரப்பில் ஒரு மீட்டர் உயரே போனால் கடிகாரத்தின் வேகம் 1.09×10⁻¹⁶ பங்கு கூடும். கொடைக்கானல் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2.5×10⁻¹³ பங்கு, அதாவது நாளொன்றுக்கு 22 நானோ நொடி வருகிறது. அந்த 22 நானோ நொடியில் ஒளி ஆறரை மீட்டர் தூரம்தான் போகும். எண் சிறியதாகத் தெரிந்தாலும், இன்றைய கால இடைவெளி அளவிகள் ஒரு நானோ நொடிக்கும் குறைவான வேறுபாட்டைச் சுலபமாகக் காட்டிவிடும். ஆகவே அளப்பதில் சிரமம் இல்லை. சாலையில் நாள் முழுவதும் குலுங்கி, வெயிலில் காய்ந்து, மலைக் குளிரில் போய் நின்ற பிறகும் தன் வேகத்தை 10⁻¹⁴ என்ற அளவுக்குள் மாற்றிக்கொள்ளாத கடிகாரம் கிடைப்பதுதான் சிரமம்.

ஒரு கடிகாரம் ஏன் வேகம் மாறுகிறது என்று புரிந்துகொள்ள அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான அணுக் கடிகாரங்களில் உண்மையில் அதிர்ந்து நேரத்தை எண்ணுவது ஒரு குவார்ட்ஸ் படிகமோ லேசரோதான். அணுவின் வேலை அதைத் திருத்துவது. மார்கழிக் கச்சேரியில் அரங்கின் குளிரூட்டலாலும் விளக்குகளின் சூட்டாலும் மிருதங்கத்தின் சுருதி மெல்ல விலகும். வித்துவான் தம்பூராவில் காதை வைத்துக்கொண்டு கல்லால் தட்டித் தட்டி அதைச் சேர்த்துக்கொண்டே இருப்பார். குவார்ட்ஸ் அந்த மிருதங்கம். அணு அந்தத் தம்பூரா. தட்டிச் சேர்க்கும் வேலையை ஒரு மின்சுற்று நொடிக்குப் பலமுறை செய்கிறது. சீசியம் 133 அணுவின் இரு ஆற்றல் நிலைகளுக்கு இடைப்பட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர எடுக்கும் காலமே ஒரு நொடி என்று 1967இல் உலகம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1955இல், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் நம்பகமாக இயங்கிய முதல் சீசியம் கடிகாரத்தை அமைத்திருந்தார்கள்.

தம்பூராவின் சுருதி மாறாது என்று நான் சொன்னதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் சீசியம் அணு ஒன்றேதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம், வெப்பக் கதிர்வீச்சு, அணுக்கள் மோதும் வாயு, அவற்றின் மேல் விழும் விளக்கொளி ஆகிய ஒவ்வொன்றும் அதன் அதிர்வெண்ணை ஒரு துளி நகர்த்தும். ஆய்வகத்தில் உள்ளவர்கள் இந்த நகர்வுகளை ஒழிப்பதில்லை. அவற்றை மாறாமல் வைத்து, அளந்து, கழித்துவிடுகிறார்கள். கடிகாரம் வெளியே வந்ததும் அந்த ‘மாறாமல்’ போய்விடுகிறது. எடுத்துச் செல்லும் கடிகாரம் என்றால் சின்னக் கடிகாரம் என்றே பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், சுற்றுப்புறம் மாறும்போது எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதே அதன் தகுதி. எடையும் அளவும் அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ருபீடியம் கடிகாரத்திடம். எண்ணூர்ப் பக்கம் ஒரு தளத்தில் இருந்த கருவிகளின் நேரத்தைச் சரிபார்க்க அதைக் காரில் எடுத்துப் போக வேண்டியிருந்தது. ஒரு தடிமனான புத்தகம் அளவே இருக்கும் உலோகப் பெட்டி. அடியில் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடு. இயங்கும்போது உள்ளங்கையை வைத்தால் சில நொடிகளுக்குமேல் வைத்திருக்க முடியாத சூடு. உள்ளே ஒரு சிறு ருபீடியம் விளக்கு எரிகிறது. அதன் ஒளி ருபீடியம் ஆவி நிறைந்த கண்ணாடிக் குப்பியைக் கடந்து ஓர் ஒளி உணரியில் விழுகிறது. குப்பிக்குக் கொடுக்கும் நுண்ணலை 6,834.68 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும் ஒளி ஒரு சிறு அளவு மங்குகிறது. அந்த மங்கலைப் பற்றிக்கொண்டுதான் குவார்ட்ஸ் நிலைநிறுத்தப்படுகிறது. மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் பச்சை விளக்கு எரிந்து பிடித்துக்கொண்டதாகச் சொல்லும். ஆனால் உள்ளே சூடு முழுவதும் சமநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும்.

முதல் நாள் முயற்சி வீணாயிற்று. மணலிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார், நான் காரின் மின்சாரத்தை மட்டும் நம்பியிருந்தேன், பெட்டி அணைந்துவிட்டது. கடிகாரம் ஒரு கணம் நின்றாலும் அது சுமந்துவந்த நேரம் போய்விடும்; மீண்டும் கிண்டிக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மறுநாள் தனியாக ஒரு பேட்டரியை இணைத்து எடுத்துச் சென்றோம். காலையில் ஒப்பிட்டுச் சுழியத்தில் வைத்த வேறுபாடு, எட்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது 60 நானோ நொடியாக இருந்தது. எங்கள் வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கணக்கிட்டால் 2×10⁻¹² பங்கு விலகல். கொடைக்கானல் தரப்போகும் விளைவைப்போல எட்டு மடங்கு. அந்த விலகலில் வெயிலின் பங்கு எவ்வளவு, மின்னழுத்த மாற்றத்தின் பங்கு எவ்வளவு, பெட்டியைத் திருப்பி வைத்ததால் பூமியின் காந்தப்புலம் செய்த பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆகவே உங்கள் சோதனைக்கு ருபீடியம் உதவாது.

அதைவிடச் சிறிய கடிகாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனம் 2004இல் அரிசி மணி அளவே உள்ள அணுப் பகுதியைச் செய்து காட்டியது. 2011இல் சில்லு அளவு அணுக் கடிகாரம் விற்பனைக்கே வந்துவிட்டது. 35 கிராம் எடை, சுமார் 120 மில்லிவாட் மின்சாரம். ருபீடியத்துக்கான விளக்கு வாட் கணக்கில் கேட்கும் இடத்தில் இதில் ஒரு நுண் லேசர் சீசியம் ஆவியை நேரடியாக வினவுகிறது. இதன் நிலைத்தன்மை பெரிய ருபீடியத்தைவிடக் குறைவு. ஆனால் பேட்டரியில் பல மாதம் இருக்க வேண்டிய இடங்களில் இதற்கு இணை இல்லை. கடலடியில் வைக்கப்படும் நில அதிர்வுப் பதிவுக் கருவிகளை எண்ணிப் பாருங்கள். ஜிபிஎஸ் அலைகள் கடல்நீருக்குள் இறங்காது. கருவியை மேலே எடுக்கும்வரை அதற்கு நேரம் சொல்ல யாரும் இல்லை. பல கருவிகளின் பதிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டுமானால் அவை எல்லாமே மாதங்களுக்குப் பிறகும் மில்லி நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் இருக்க இவை எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் தொடங்குகிறது. ஜிபிஎஸ் என்பதே அணுக் கடிகாரங்களைத் தூக்கிக்கொண்டு சுற்றும் செயற்கைக்கோள்களின் கூட்டம். உங்கள் கைப்பேசி அவற்றிடம் நேரத்தைக் கடன் வாங்குகிறது. 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அந்தச் சைகை தரையை அடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். பக்கத்தில் ஒரு சிறு ஒலிபரப்பி அதை மூழ்கடித்துவிட முடியும். சுரங்கப்பாதையிலும் அடித்தளத்திலும் அது கிடைக்காது. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக் கோபுரங்களில் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசிக் கேட்பதால், அவற்றின் நேரங்கள் 1.5 மைக்ரோ நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. சைகை அறுந்தால், 10⁻¹⁰ பங்கு விலகியோடும் ஒரு நல்ல குவார்ட்ஸ் நான்கு மணி நேரத்தில் அந்த எல்லையைக் கடந்துவிடும். 10⁻¹¹ என்றால் ஒன்றரை நாளுக்குமேல் தாங்கும். 10⁻¹² உள்ள ருபீடியம் பதினைந்து நாளுக்குமேல் தாங்கும். பழுது பார்ப்பவர் கோபுரத்துக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும் என்பதைப் பொறுத்தே எந்தக் கடிகாரம் என்று முடிவாகிறது. மின்தொகுப்பின் கட்டங்களை ஒப்பிடும் கருவிகள், தரவு மையங்கள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். எத்தனை நாள் தனித்து நிற்க வேண்டும், அதற்குள் எவ்வளவு பிழை பொறுக்கும் என்ற இரண்டையும் சொல்லாமல் நல்ல கடிகாரம் எது என்று கேட்பதில் பொருளில்லை.

இனி, உலகின் சிறந்த கடிகாரங்கள் ஏன் வெளியே வருவதில்லை என்ற கேள்வி. அவை இப்போது நுண்ணலையை விட்டு ஒளிக்கு மாறிவிட்டன. ஸ்ட்ரான்சியம் அணுவின் அதிர்வெண் நொடிக்கு 429 லட்சம் கோடி. சீசியத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நெருக்கமாகக் கோடிட்ட அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படிக்க லேசர் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். அதற்காக இரண்டு கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட தூரம் சிறிதும் மாறாத ஒரு குழியில் லேசரைப் பூட்டுகிறார்கள். அடுத்த அறையில் யாராவது நடந்தாலும் அந்தத் தூரம் மாறும். மேலும் அணுக்களை வெற்றிடத்தில் லேசரால் குளிர்வித்து நிறுத்த வேண்டும். அறையின் சுவர்கள் வீசும் வெப்பக் கதிர்வீச்சே ஸ்ட்ரான்சியத்தை 5×10⁻¹⁵ பங்கு நகர்த்திவிடும். அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறுவதால், சுவரின் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாக அறிந்தாலே 7×10⁻¹⁷ பிழை வந்துவிடும். 10⁻¹⁸ஐத் தேடுபவர்களுக்கு அது எழுபது மடங்கு. மே மாத மதியத்தில் சென்னைத் தெருவில் நிற்கும் ஒரு வண்டிக்குள் இதைக் கட்டுப்படுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியும் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனத்தினர் ஒரு ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தைக் குளிரூட்டிய டிரெய்லரில் அமைத்து, ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் ஒரு சுரங்க ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, 90 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் டூரினில் உள்ள கடிகாரத்தோடு ஒளியிழை வழியே ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, சுமார் 1,000 மீட்டர் உயர வேறுபாட்டை ஏறத்தாழ 18 மீட்டர் நிச்சயமின்மையோடு கண்டார்கள். ஆய்வகத்தில் இருந்தால் சென்டிமீட்டரைப் பேசும் இனத்தைச் சேர்ந்த கருவி, பயணம் போனதும் இவ்வளவுதான் தந்தது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. முதன்முதலில் மலைக்குள் போய் விடையோடு திரும்பிய குழு அது. பிறகு 2020இல் ஜப்பானில் கட்டோரி குழுவினர் இரண்டு ஸ்ட்ரான்சியம் கடிகாரங்களை டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்துக்கு எடுத்துச் சென்று, ஒன்றைத் தரையிலும் மற்றொன்றை 450 மீட்டர் உயரத்திலும் வைத்து, நாளொன்றுக்கு 4.26 நானோ நொடி என்ற வேறுபாட்டை அளந்தார்கள். உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அறியும் அளவுக்கு அவை இயங்கின. 1802இல் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே சங்கிலி போட்டு அளந்து தொடங்கிய நில அளவைப் பணியை நினைவுள்ளவர்களுக்கு, உயரத்தைக் கடிகாரத்தால் அளக்கும் இந்தச் செய்தி உடம்பைச் சிலிர்க்க வைக்கும்.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது, உச்சத் துல்லியத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்து உறுதியைத் தேடிய கடிகாரங்கள். குளிர்விக்காத அயோடின் ஆவியைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பச்சை லேசரால் படிக்கும் ஒளிக் கடிகாரங்களை 2022இல் பசிபிக் கடலில் ஒரு கப்பலில் வைத்து மூன்று வாரம் ஓட்டினார்கள். அலையாட்டத்திலும் வெப்ப மாற்றத்திலும் நாளொன்றுக்கு 0.3 நானோ நொடிக்குள் அவை நின்றன. அதேபோல, நாசாவின் ஆழ்விண்வெளி அணுக் கடிகாரம் பாதரச அயனிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு, லேசரோ குளிர்விப்போ இல்லாமல் ஒரு விளக்கைக்கொண்டே படித்தது; 2019 ஜூனில் ஏவப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குமேல் இயங்கியது. வெளியுலகத்துக்கான கடிகாரங்கள் இந்தத் திசையில்தான் வளரும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இந்தப் பாடம் விலை கொடுத்துக் கற்றதாகும். 2013இல் ஏவிய நமது முதல் வழிகாட்டுச் செயற்கைக்கோளில் இருந்த மூன்று இறக்குமதி ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகின. நேரம் போனால் வழிகாட்டும் வேலையும் போய்விடும் என்பதால், மீதியிருந்த பணிகள் நடந்தும் அந்தக் கோளுக்கு மாற்று அனுப்ப வேண்டியதாயிற்று. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட என்விஎஸ் 01 கோளில், அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம் உருவாக்கிய ருபீடியம் கடிகாரம் முதன்முறையாகப் பறந்தது. ஒரு கடிகாரத்தை நாமே செய்யத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொடைக்கானலுக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது வணிகச் சீசியம் கற்றைக் கடிகாரம், அதாவது சீசியம் அணுக்களை ஒரு கற்றையாகப் பாயவிட்டுப் படிக்கும் கடைக் கடிகாரம். மிகச் சிறந்த கடிகாரங்களில் ஒன்றல்ல, ஆனால் சூடு, காந்தம், மூப்பு ஆகியவற்றுக்கு அசையாதது. 30 கிலோ எடை. 50 வாட் அளவில் மின்சாரம் கேட்கும். 1971இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் சார்பியலைச் சோதிக்கப் பயணி விமானங்களில் உலகைச் சுற்றியது இந்த வகைக் கடிகாரங்கள் நான்கோடுதான். 2005இல் அமெரிக்காவில் ஆர்வலர் ஒருவர் இவ்வகையில் மூன்றைக் குடும்ப வண்டியில் ஏற்றி மலைமேல் இரண்டு நாள் தங்கி, 22 நானோ நொடி வேறுபாட்டோடு இறங்கினார். அவர் ஏறியது ஏறத்தாழ 1,340 மீட்டர்; கொடைக்கானல் அதைவிட உயரம் என்பதால் உங்களுக்குச் சாதகம்.

செய்முறை இப்படி இருக்கட்டும். இரண்டு சீசியம் கடிகாரங்களைக் கடன் பெற முடிந்தால், ஒரு வாரம் சென்னையில் அருகருகே ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்தைச் சுருக்கினால் சோதனை முழுவதும் பாழ். பிறகு ஒன்றை மட்டும் தனிப் பேட்டரியோடு ஏற்றி, மேலே நான்கு நாள் வையுங்கள். 88 நானோ நொடியை எதிர்பார்க்கலாம். கடிகாரத்தின் இயல்பான தடுமாற்றம் பத்து நானோ நொடி அளவில் இருக்கும். மலையேறும் நேரத்தில் வண்டி எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் குறித்து வைத்துக் கணக்கில் சேருங்கள். வேகத்தால் வரும் விளைவை விட்டுவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் பத்து மணி நேரம் போனாலும் அது ஒரு நானோ நொடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இறங்கி வந்ததும் அணைத்துவிடாமல் இன்னும் ஒரு வாரம் ஒப்பிடுங்கள். முன்பு கண்ட விலகல் வீதமே பின்பும் இருந்தால்தான் நடுவில் வந்த வேறுபாடு மலையினுடையது என்று சொல்ல உரிமை உண்டு.

மேலே வானாய்வகத்துக்குப் போகும்போது அங்கிருக்கும், ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஷெல்டன் செய்த பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிகாரத்தையும் கேட்டுப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் இருந்து, ஆய்வகம் மலைக்கு மாறியபோது கூடவே போனது அது. ஆகவே இந்தப் பாதையில் ஒரு துல்லியக் கடிகாரம் ஏறுவது இது முதல் முறையாக இருக்காது.

சீசியம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கைப்பேசிக் கோபுரங்களிலிருந்து கழற்றிய பழைய ருபீடியம் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. மின்வழங்கியும் இணைப்பிகளும் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். ஒன்றை வாங்கி, ஜிபிஎஸ் ஏற்பியின் நொடித் துடிப்போடு ஒரு வாரம் ஒப்பிட்டு வரைபடம் போடுங்கள். பிறகு பெட்டிக்கு எதிரே ஒரு மேசை விசிறியை வைத்து ஒரு நாள் ஓடவிட்டு, மறுநாள் அணைத்துவிட்டு, கோட்டின் சாய்வு எந்த மணியில் திரும்புகிறது என்று பாருங்கள்.